செய்யும் என்னும் முற்று

தமிழில் நாய் உவமையாகத்தான் வாழ்ந்து வந்திருக்கிறது. ஒரு நாய் இன்ன ஊரில் இன்னாரிடம் இருந்தது, இன்ன நிறம், இப்போது இல்லை என்ற அளவுக்குக்கூட நம் எழுத்து அதை நம்பியதில்லை. சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கவிதை எழுதுகிறவர், நிறையப் படித்தவர். 'நாயின் சாவைப் பற்றி எழுதினால் அது வாரப்பத்திரிகைக் கண்ணீர்க் கதையாகத்தான் முடியும். வேண்டுமானால் குறியீடாக வைத்துக்கொள்ளலாம்' என்றார். அந்தப் பயத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. வியாபாரப் பத்திரிகைகள் எதையும் பிழிந்து சாறெடுத்துவிடும் என்பதைப் பார்த்துச் சலித்தவரின் பயம் அது. ஆனால் அந்த 'வேண்டுமானால்' என்னை உறுத்திக்கொண்டேயிருக்கிறது. குறியீடாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, நாயாக வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. யார் வழங்கும் அனுமதி இது?

மரபிலிருந்தே வருகிறது என்று தோன்றுகிறது. நாலடியாரில் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிற ஒரு பாட்டு இருக்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும்; நாயோ தன்மேல் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதே வாலைக் குழைக்கும்; ஆகையால் நாய் போன்றவரின் நட்பைத் தேடிக்கொள் என்பது அதன் சாரம். நன்றிக்கு உதாரணமாக எத்தனையோ மேடைகளில் இது முழங்கியிருக்கிறது. எனக்கு அதில் வேல்தான் கண்ணில் படுகிறது. வேலும் வாலும் ஒரே கணத்தில் தெரியும் அந்தக் காட்சி உக்கிரமானது. எங்கோ யாரோ ஒருவர் கண்ணால் கண்டிராவிட்டால் அது பாட்டுக்குள் வந்திருக்காது. ஆனால் கண்ட கண் அங்கே நிற்கவில்லை, உடனே நட்புக்கு இலக்கணம் சொல்லப் போய்விடுகிறது. அந்த நாய் பிழைத்ததா? பாட்டுக்கு அக்கறையில்லை.

பக்தி இலக்கியத்தில் நாய் இன்னும் கீழே இறங்குகிறது. மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்' என்று சொல்லிக்கொள்வது திருவாசகம் முழுக்க வருகிறது. அந்தத் தாழ்மையின் சத்தியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்வது, தாழ்மைக்கு அளவுகோலாக நாய் இருந்தது என்பதே. அளவுகோலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாரதத்தில் தருமனோடு மலையேறும் நாயைச் சிலர் எனக்கு நினைவுபடுத்தக்கூடும். நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வர முடியாது என்று தருமன் மறுக்கிறான். உலக இலக்கியத்திலேயே பெரிய மறுப்புகளில் ஒன்று அது. ஆனால் அடுத்த நிமிஷமே நாய் மறைந்து அங்கே தருமதேவதை நிற்கிறது. நாயாகவே அது கடைசிவரை இருந்திருந்தால் தருமனின் மறுப்பு இன்னும் கனத்திருக்கும் என்பது என் கட்சி. வில்லிபுத்தூராரிடம் அந்த நாய் வருவதேயில்லை. அவர் பத்துப் பருவங்களோடு, போர் ஓய்ந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

நவீனத்துவம் இதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. நகுலன் 1974இல் தம் நாவலுக்கு 'நாய்கள்' என்றே பெயர் வைத்தார். ஞானக்கூத்தனின் 'நாய்' என்ற கவிதையில் ஒரு நாயின் குரைப்பு அடுத்த நாய்க்குத் தொற்றி ஊர் ஊராகப் போகிறது. கடைசி நாயை மறித்துக் காரணம் கேட்டால் அது என்ன சொல்லும் என்று அவர் கேட்கிறார். இரண்டும் எனக்குப் பிடித்தவை, இரண்டையும் குறைசொல்ல நான் வரவில்லை. இரண்டிலும் பன்மை இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். கவிதையின் தலைப்பு ஒருமையில் இருந்தாலும் உள்ளே இருப்பது வரிசை. நாய்கள் என்றால் அது ஒரு நிலைமை. நாய் என்றால், அதுவும் பெயருள்ள நாய் என்றால், அது ஓர் ஆள். அந்த ஆளை நம் புதுக்கவிதை சந்திக்கவேயில்லை.

நண்பர் பயந்த மற்றொரு கோடியையும் பார்த்துவிடலாம். 1808 நவம்பரில் பைரனின் நாய் வெறிநோய் கண்டு இறந்தது. போட்ஸ்வைன் என்று பெயர், நியூஃபவுண்ட்லாந்து இனம். கனடாவின் கிழக்குக் கரை மீனவர்கள் வளர்த்து வலைவேலைக்குப் பழக்கிய இனம் அது. நியூஸ்டெட் அபேயில் அதற்கு நினைவுச் சின்னம் எழுப்பிக் கவிதையும் பொறித்தார். கவிதையைப் படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மனித இனத்தின்மேல் வசை. தனக்கு இருந்த ஒரே நண்பன் இங்கே கிடக்கிறான் என்று முடியும்போது நாம் போட்ஸ்வைனைப் பார்ப்பதில்லை, நண்பர்களற்ற பிரபுவைப் பார்க்கிறோம். அந்த நாய் எப்படித் தூங்கியது, எதற்குப் பயந்தது, எந்தச் சத்தத்துக்கு எழுந்தது? ஒன்றும் தெரியாது. கண்ணீரும் குறியீடும் எதிரெதிரானவை என்று நண்பர் நினைக்கிறார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நாயை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் எழுதுகிறவனை உட்கார வைக்கின்றன.

இப்படியெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் புத்தகமில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வலைக்காரர் ஒருவர் பேசக் கேட்டதுதான்.

பழவேற்காட்டுக்கு நான் போனது டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க. 1613இல் அவர்கள் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்கள், பெயர், தேதி, குலச்சின்னம். கல்வேலை நேர்த்தியானது. அத்தனை நேர்த்தியிலும் ஒரு மனிதரின் முகம்கூட எனக்கு எழவில்லை. சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் அங்கே வலையை உதறி மீன் பிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி அது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகக் கிடக்கிறது. பெரும்பாலும் ஆழமில்லை, கோல் ஊன்றியே படகைத் தள்ளலாம். கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் ஏறி அடைபடும், பிறகு திறக்கும். அதைப் பொறுத்தே இறாலும் மடவையும் உள்ளே வரும். முகத்துவாரத்தை ஒட்டி யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. அதற்கு ஊர்முறை இருக்கிறது, பாடு என்று பெயர். இன்ன ஆளுக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று சீட்டுப் போட்டு வரும். முறையில் இடமில்லாதவர்களுக்கு அந்த இடமும் இல்லை. அது வேறு கதை, பெரிய கதை. எதிரே ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் ஏவுகிறார்கள். ஏவுகிற நாளில் கடல்பக்கம் தொழிலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.

அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மீனைப் பிரித்தபடி என்னோடு பேசிக்கொண்டிருந்தவரின் கை, நடுவில் ஒரு சின்ன மீனை எடுத்துப் பார்க்காமலே இடதுபக்கம் எறிந்தது. அங்கே எதுவும் இல்லை. காக்கை ஒன்று வந்து கொத்திக்கொண்டு போயிற்று. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். 'கை பழகிப்போச்சி சார்' என்றார். பிறகுதான் மணியைப் பற்றிச் சொன்னார். நாட்டு நாய், செம்பட்டை நிறம். மணி என்ற பெயரைவிடப் பொதுவான நாய்ப்பெயர் தமிழ்நாட்டில் இல்லை, கிட்டத்தட்டப் பெயரே இல்லாதது போல.

'என் கோல் தண்ணியில வுழற சத்தம் அதுக்குத் தெரியும். பத்து படகு வரும், தூங்கிக்கினே இருக்கும். என் படகு வந்தா மட்டும் எழுந்து வரும். தண்ணிக்குள்ள எறங்காது. கால் நனையற எடம் வரைக்கும் வந்து நிக்கும். பேத்தை மீனப் போட்டா மோந்து பாத்துட்டுத் தள்ளி வந்துடும், வெஷம்னு யாரும் சொல்லிக் குடுக்கல. ராக்கெட்டு வுட்டா மட்டும் படகுக்கு அடியில பூந்துக்கும். அன்னிக்கு நானும் கரையிலதானே, ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக்கினு இருப்போம்.'

எப்போது செத்தது என்று கேட்டேன். வயசாகிவிட்டது என்றார். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி. 'வல காயப்போடற எடத்துக்குப் பின்னால பொதைச்சேன்.' பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்த பையன், 'பெருசு பேத்திக்குக்கூட இவ்ளோ பேசாது சார், நாய்க்குப் பேசும்' என்று சிரித்தான். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஒரு நாய்க்காக இவ்வளவுதான் பேசலாம் என்று அங்கேயும் ஓர் எல்லை இருக்கிறது. நண்பர் கவிதைக்குப் போட்ட எல்லைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. பையன் கேலியாகச் சொன்னான், நண்பர் அழகியலாகச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் பேச்சை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் வினைகள் கண்ணில் பட்டன. தெரியும், இருக்கும், வரும், எறங்காது, நிக்கும், பூந்துக்கும். செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்ட நாய்க்கு அவர் ஒரு தடவைகூட இறந்தகால வினை போடவில்லை. அந்தப் பேச்சு முழுவதிலும் அழுத்தமான இறந்தகாலம் ஒன்றே ஒன்று, அதுவும் தன்னைப் பற்றியது: பொதைச்சேன்.

இதில் அதிசயமில்லை, எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம் என்று சொல்லலாம். உண்மைதான். மொழி ஏற்கெனவே வைத்திருப்பதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் மொழி என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இலக்கணத்தில் இதற்குச் செய்யும் என்னும் முற்று என்று பெயர். முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை இந்த வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்கிற தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் மலை நிற்கும், ஆறு ஒழுகும் என்பது. நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும்; மூன்றும் ஒரே சொல்லில். மணி வந்து நிக்கும். வலைக்காரர் தன் நாயை மலையும் ஆறும் இருக்கும் காலத்தில் வைத்துவிட்டார், வைக்கிறோம் என்று தெரியாமலே. இன்னொன்றும் உண்டு. பழைய தமிழில் அவன் வரும், அவள் வரும் என்று உயர்திணைக்கும் வந்த இந்த முற்று, இன்றைய பேச்சில் பெரும்பாலும் அஃறிணையோடு நின்றுவிட்டது. குழந்தைக்கும் சொல்கிறோம், 'அது தூங்கும்' என்று. நாயைத் தாழ்த்துவதாக நாம் நினைக்கும் அஃறிணைதான் அதற்கு இந்தக் காலத்தைக் கொடுக்கிறது.

புறத்துறைகளில் கையறுநிலை என்று ஒன்று. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் செயலற்று நிற்கும் நிலை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அந்தத் துறையின் நல்ல பாட்டுகளில் செயல் நிற்பதில்லை என்பதுதான் விஷயம். சாத்தன் இறந்த பிறகு, ஒல்லையூர் நாட்டில் நீயும் பூத்தாயோ என்று முல்லையைப் பார்த்துக் கேட்கிற புறநானூற்றுப் பாட்டை எல்லோரும் அறிவோம். முல்லை பூக்கிறது, அதற்குப் பழக்கம். சூடுகிறவன்தான் இல்லை. பழவேற்காட்டில் நான் பார்த்த கை எறிந்த மீன் அந்தத் துறையைச் சேர்ந்தது. அந்தக் கை அற்றுப்போகவில்லை, வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது, வாங்குகிற வாய் போய்விட்டது. இதை எழுத முடிந்தவனுக்குக் கண்ணீரும் வேண்டாம், குறியீடும் வேண்டாம். மீன் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிந்தால் போதும்.

எழுதியிருக்கிறார்களா என்றால், எழுதியிருக்கிறார்கள். கவிஞர்கள் எழுதவில்லை, கல்லில் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தை அடுத்த பகுதியில் எடுத்தனூர் என்ற ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட ஒரு நடுகல். எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட ஒருவனுக்கு எடுத்தது. கல்லில் அவன் ஆயுதத்தோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்கென்று தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: அதன் பெயர் கோவிவன், கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று. அவ்வளவுதான். புகழ்ச்சி இல்லை, நன்றி என்ற வார்த்தை இல்லை. இந்தப் பகுதிக் கற்களைத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாக வெளியிட்டது. படிமமா குறியீடா என்று சிறுபத்திரிகைகளில் நாம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நூலை அன்று நம்மில் எத்தனை பேர் கவிதை வாசிப்பதுபோல வாசித்தோம்?

இரண்டு வாசகங்களும் முடியும் விதம் வேறு. மனிதனின் வாசகம் பட்டான் என்ற வினையைத் தாங்கி நிற்கிறது. நடுகல்லுக்கு அதுதான் சம்பிரதாயம். நாயின் வாசகம் சாவைச் சொல்லவேயில்லை, காவலோடு நின்றுவிடுகிறது. நாயும் அந்தப் பூசலில் செத்ததா, பிறகு எத்தனை காலம் இருந்தது என்பதெல்லாம் வாசகத்துக்கு வெளியே. ஆயிரத்து நானூறு வருஷத்துக்குப் பிறகும் கோவிவன் காத்துக்கொண்டிருக்கிறது. பழவேற்காட்டுக்காரர் பேச்சில் இருந்த அதே காலம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்துப் பார்க்கலாம். மைசூர்ப் பக்கம் ஆதக்கூரில் இருந்தது, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழி கன்னடம். ஆனால் சம்பவம் நம் தொண்டை நாட்டில் தொடங்குகிறது. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டான். எதிர்ப்பக்கத்தில் நின்ற கங்க மன்னன் பூதுகனுக்கு அந்தப் போரில் பெருந்துணையாக இருந்தவன் மணலேரன். என்ன வேண்டும் கேள் என்றான் அரசன். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு மலையில் அந்த நாயைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று செத்தன. நாய்க்குக் கல் நாட்டி, நிலம் விட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக்கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். சரித்திரக்காரர்கள் அந்தக் கல்லுக்குப் போவது ராஜாதித்தன் எப்படிச் செத்தான் என்று அறிய. நாய் அவர்களுக்கு வழியில் கிடக்கிற சமாசாரம். எனக்கு மணலேரனின் வரம் பெரிதாகப் படுகிறது. ஊர்களைக் கேட்டிருக்கலாம். இருந்தாலும், கவிதை என்று பார்த்தால் எடுத்தனூர்க் கல்லைத்தான் மேலே வைப்பேன். ஆதக்கூரில் அரசன் பேசுகிறான், கொடை பேசுகிறது, நிலம் பேசுகிறது. நாய் அவர்கள் பெருமையின் கடைசி வரியாக வருகிறது. எடுத்தனூரில் நாய்க்கு மேல் யாரும் நிற்கவில்லை.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது புதுச்சேரிக்கு வடக்கே சின்னகாலாப்பட்டில் வீட்டு நாய் ஒன்று, குடிசைக்குள் ஓடி ஒளிந்த ஏழு வயதுப் பையனை முட்டித் தள்ளி மேட்டுக்கு ஏற்றிக் காப்பாற்றியதாகச் செய்தி வந்தது. உலகம் பூராவும் அச்சிட்டார்கள், அதிசயம் என்று. அந்தச் செய்தியில் ஓரமாக இருந்த ஒரு தகவல்தான் என்னை நிறுத்தியது. விபத்தில் இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரை அந்த நாய்க்கு வைத்திருந்தார்களாம். நாய் என்பது வசையாக இருக்கிற நம் மொழியில், செத்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதுபோல் நாய்க்கு வைத்து, தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு அந்த வீட்டில் சோறு போட்டிருக்கிறார்கள். இதை அவமரியாதை என்று நினைக்காத ஒரு குப்பம் இருந்திருக்கிறது. நம் பழமொழிகளுக்கும் பாட்டுகளுக்கும் தெரியாத ஒரு திணை மயக்கம் இது. பத்திரிகைகளுக்கு மீட்பு வேண்டியிருந்தது, பெயர் தேவைப்படவில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். 'கல்வெட்டு வாசகம் கவிதையாகுமா?' என்று ஒரு வரியில் பதில் எழுதியிருந்தார். எல்லாக் கல்வெட்டும் ஆகாது. பழவேற்காட்டு டச்சுக் கற்கள் ஆகவில்லை, ஆதக்கூர் பாதிதான் ஆயிற்று. ஒரு பெயரும் ஒரு செயலும் சேர்ந்து, சேர்ந்த இடத்தில் எழுதுகிறவன் விலகிக்கொண்டால் ஆகும். நம் சமீபக் கவிதைகளில் விலகிக்கொள்ளத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நாயைப் பற்றி எழுதச் சொன்னால் இது உடனே வெளிச்சமாகிவிடுகிறது. காதலைப் பற்றியோ சாவைப் பற்றியோ எழுதும்போது தன்னையே எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். நாய் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அது கரையில் நிற்கிறது, யாருடைய கோல் சத்தம் என்று கேட்டுக்கொண்டு.

எடுத்தனூர்க் கல்லில் இன்னும் ஒன்று எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது. உடையவன் பட்டுவிட்டான். நாய்க்குப் பேச்சு இல்லை. அப்படியானால் கோவிவன் என்ற பெயரையும் அது செய்ததையும் கல்தச்சனிடம் சொல்லி வெட்ட வைத்தவர் மூன்றாவது ஓர் ஆள். மனைவியோ, கூட மேய்த்தவனோ, பக்கத்து வீட்டுக்காரரோ. பழவேற்காட்டில் கேலி செய்த அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் புறப்படும்போது, வலை காயப்போடும் இடத்துக்குப் பின்னால் மணியைப் புதைத்த இடத்தைக் கேட்காமலே எனக்குக் காட்டினவன் அவன்தான்.